வெள்ளிக்கிழமை டேப்

கரைக்கும் லோக்கிசாரி தீவுக்கும் நடுவே தண்ணீருக்கடியில் ஓர் இரும்பு வடம் கிடக்கிறது. எங்கள் படகு அதைப் பிடித்துக்கொண்டு போகும், அதையே பிடித்துக்கொண்டு திரும்பும். இஷ்டத்துக்கு வளைந்து போகிற பேச்சே கிடையாது. மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஒரு பிடியை முன்னே தள்ளுவதும் பின்னே இழுப்பதும்தான் என் பிழைப்பு. பெயர் ரைலி. கைக்கு வேலை குறைவு என்பதால் வாய்க்கு வேலை அதிகம் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

மூடுபனி இறங்கிய நாட்களில் கரையும் தெரியாது, தீவும் தெரியாது. முன்னால் வடம் மட்டும் சொட்டச் சொட்ட எழுந்து வந்துகொண்டே இருக்கும். நாம் போகிறோமா, எல்லாம் நம்மை நோக்கி வருகிறதா என்று புரியாது. நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்து, காப்பியை ஒரு வாய் குடித்துப் பார்த்துக்கொள்வேன். என்சியோவைப் பற்றி நினைத்தால் எனக்கு எப்போதும் அந்த மாதிரி நாட்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. துறையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்பான். முதலில் ஒரு தொப்பி தெரியும், பிறகு ஒரு கோட்டு, அப்புறம்தான் ஆள்.

தீவின் கடல் ஆய்வு நிலையத்தில் அவனுக்கு உத்தியோகம். கடல் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, எவ்வளவு உப்பு, பனி எவ்வளவு தடிமன் என்று கருவிகள் அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஹெல்சிங்கியிலிருந்து படித்தவர்கள் கோடையில் வருவார்கள், போவார்கள். மற்ற நாட்களில் அங்கே என்சியோதான் எல்லாம். கருவியைத் துடைப்பான், கொதிகலனுக்கு விறகு போடுவான், படகுக்கு வண்ணம் அடிப்பான், லினக்ஸ் என்கிற மென்பொருளில் ஓடும் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வான். தனி ஆள். அப்பா விட்டுப்போன மர வீட்டில் குடியிருந்தான். தீவை விட்டு நகரமாட்டான். பல்வலி தாங்க முடியாமல் போனால்தான் என் படகில் ஏறிக் கரைக்கு வருவான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பான். ஊமைக்கோட்டான் என்று அவனை நேருக்கு நேராகவே கூப்பிட்டிருக்கிறேன். அதற்கும் பதில் வராது.

கம்ப்யூட்டரில் உள்ளதை டேப்பில் பதிந்துவைக்கிற ஒரு டிரைவ் நிலையத்தில் இருந்தது, அது வந்ததே ஒரு பழைய பொருள் ஏலத்தில். நகரத்தில் ஒரு வங்கி மூடப்பட்டபோது அதன் கம்ப்யூட்டர் சாமான்களை விற்றார்கள். ஒரே அச்சில் இரண்டு டிரைவ்கள் இருந்தன. ஒன்றை நிலையம் எடுத்தது, மற்றதைக் கரையிலுள்ள நகராட்சி நூலகம் எடுத்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டேப்தான், ஆனால் ஒரு கம்ப்யூட்டரில் உள்ளதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். கம்ப்யூட்டர் செத்துப்போனால் டேப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நூலகத்தைப் பார்த்துக்கொண்டவள் இர்மெலி. உயரமானவள், தலை சீக்கிரமே நரைத்துவிட்டது, கணவன் எப்போதோ ஸ்வீடனுக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டான். ஒருநாள் அவள் நிலையத்துக்குப் போன் செய்திருக்கிறாள். தினமும் டேப்பில் பதிவு செய்கிறேன், ஆனால் திறந்து பார்த்தால் கடைசி நாள் மட்டும்தான் இருக்கிறது, முந்தைய நாட்களெல்லாம் காணவில்லை, உங்களிடமும் இதே டிரைவ்தானே என்று கேட்டிருக்கிறாள்.

என்சியோவும் போன மாதம்தான் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தான். அவனே பின்னாளில் எனக்கு விளக்கினான். லினக்ஸில் இந்த டிரைவுக்கு இரண்டு பெயராம். ஒரு பெயரால் கூப்பிட்டால், வேலை முடிந்ததும் டேப்பைத் தானாகவே ஆரம்பத்துக்குச் சுற்றிவிடும். மறுநாள் எழுதுவது முந்தின நாளின் மேலேயே விழும். இன்னொரு பெயரால் கூப்பிட்டால் நின்ற இடத்திலேயே காத்திருக்கும், அடுத்தது அதன் பின்னால் போய் உட்காரும். வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து. இவ்வளவையும் போனில் அவளுக்குச் சொல்லி முடித்தவன், போனை வைக்காமல், கேட்காத ஒரு விஷயத்தையும் சொல்லியிருக்கிறான். டேப்பும் அதே கட்டடத்தில் இருந்தால் தீப்பிடிக்கிற அன்று இரண்டும் சேர்ந்து போய்விடும் என்று. என்சியோவாக வாய் திறந்து ஒன்று சொன்னான் என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

"அப்போ உங்களோடத நான் வெச்சுக்கறேன், என்னோடத நீங்க வெச்சுக்குங்க" என்றாளாம் இர்மெலி.

அப்படித்தான் வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. மதியம் நூலகம் மூடியதும் அவள் என் படகில் ஏறித் தீவுக்கு வருவாள். படகு துறையில் அட்டவணைப்படி கொஞ்ச நேரம் நிற்கும். என்சியோ ஏறிவருவான். ஒரு பெஞ்சும் ஒரு ஹீட்டரும் உள்ள பயணிகள் அறையில் இருவரும் உட்கார்ந்து டேப்பை மாற்றிக்கொள்வார்கள். என் பிளாஸ்க்கிலிருந்து காப்பி. அவள் கொண்டுவரும் ஏலக்காய் பன். அவன் சர்க்கரைக்கட்டியைப் பல்லிடையே கடித்துக்கொண்டு காப்பியை உறிஞ்சுவான். டிரைவைத் துடைக்கிற டேப் தீர்ந்துபோச்சு, கடலில் பனி பிடிக்க இன்னும் ஒரு வாரம் ஆகும், இவ்வளவுதான் பேச்சு. கார்கள் ஏறி முடிந்ததும் நான் மணி அடிப்பேன். அவன் இறங்கிவிடுவான். அவளைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ஒருவர் டேப்பை மற்றவர் போட்டுப் பார்ப்பதில்லை என்று ஒரு மரியாதை வைத்துக்கொண்டார்கள். பிறத்தியார் அலமாரியைத் திறந்து பார்ப்போமா என்ன.

குளிர்காலத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. டேப் உறைகுளிரில் வந்து சூடான அறைக்குள் நுழைந்தால் உள்ளே வியர்த்துவிடுமாம், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கிழிந்துவிடுமாம். அதனால் கம்பளிச் சட்டைக்கு உள்ளே, நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு வருவார்கள். இர்மெலி அதற்கென்று இரண்டு சின்னக் கம்பளிப் பைகள் பின்னியிருந்தாள். அறைக்குள் வந்ததும் அவள் கோட்டுப் பொத்தானைக் கழற்றி, உள்ளேயிருந்து எடுத்து நீட்டுவாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு கணம்கூட வெளிக்காற்றில் விடாமல், தன் சட்டைக்குள் வைத்துக்கொள்வான். அவள் உடம்புச் சூடு அவன் உடம்புக்குப் போகிறது என்று மேலே கண்ணாடி அறையில் இருந்த எனக்குத் தெரிந்தது. கீழே இருந்த அந்த இரண்டு பேருக்கும் தெரியாதா? நான் பனியைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எனக்கு வயிற்றெரிச்சல்தான். எத்தனை வருஷமாக இப்படி? கரையிலும் தீவிலும் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு பேர் மட்டும் டேப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு கோடையில் ஹெல்சிங்கியிலிருந்து புது அதிகாரி வந்தான். இனிமேல் எல்லாம் கம்பி வழியாகத் தலைநகரத்துக்குத் தானாகவே போய்விடும், அந்தப் பழைய டேப் டிரைவை விட்டுத் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். இதை என்சியோ என்னிடம் மட்டும் சொன்னான். படகு துறையில் நிற்கும்போது இரும்புப் படியேறிக் கண்ணாடி அறைக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ சாவுச் செய்தி மாதிரி சொன்னான்.

"அவங்ககிட்ட சொல்லிடாத."

"ஏன்ப்பா?"

"நூலகத்து டேப்ப வெச்சுக்க அவங்களுக்கு வேற இடம் இல்ல."

நான் சிரித்துவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மனுஷன் இத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெறும் டேப்பைக் கொண்டுவந்து கொடுப்பது அவனுக்குப் பொய்யாம். அதனால் யாருக்குமே வேண்டாத அந்தப் பதிவை வியாழக்கிழமை தோறும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தான். ஒருதடவை நிலையத்துக்கு ஒரு பார்சல் கொடுக்கப்போனபோது நேரிலேயே பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே கடலும் வானமும் ஒரே வெள்ளையாகக் கலந்துகிடந்தன. உள்ளே டிரைவ் முனகிக்கொண்டிருந்தது. என்சியோ அதன் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை அரைவாசி மூடி உட்கார்ந்திருந்தான். எழுதும்போது ஒரு சத்தம், எழுதினதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும்போது வேறு சத்தம். கம்ப்யூட்டர் வேகமாகக் கொடுக்காவிட்டால் டேப் நின்று, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி புறப்படும். "தயங்குது" என்றான் மெதுவாக. நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கருவிகளிலிருந்து எங்கெங்கோ உள்ள தண்ணீரின் குளிர் அந்த மெல்லிய நாடாவில் ஏறிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது, என் படகு எனக்காகக் காத்திருப்பதே மறந்துபோயிற்று. யாருக்கும் தேவையில்லாத ஒரு வேலையை இவ்வளவு அமைதியாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

டிரைவுக்கும் வயதாயிற்று. உள்ளே டேப்பை நகர்த்துகிற ரப்பர் உருளை பாகு மாதிரி உருகி ஒட்ட ஆரம்பித்தது. அவன் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மீன்தொட்டிக் குழாயில் ஒரு துண்டு வெட்டிப் பொருத்தினான். அது ஓடியது. விளக்குப் பச்சையாக எரிந்த அன்று அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

அந்த ஜனவரிக் குளிரில்தான் அவன் வீட்டுப் புகைபோக்கிக்குள் கரி தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டியைத் தீவுக்குக் கொண்டுபோனது என் படகு. அன்றைக்கு வடத்தையே இழுத்து அறுத்துவிடுகிற வேகத்தில் ஓட்டினேன். துறைக்கு மேலேயே வீடு. போய்ப் பார்த்தால் கூரையிலிருந்து பொறி பறக்கிறது, என்சியோ விறகுக் கொட்டகை ஓரத்தில் பனிக்குள் நிற்கிறான். காலில் பூட்ஸ் இல்லை, வெறும் சாக்ஸ். கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கிறான், உள்ளே எதையோ கட்டிப்பிடித்திருக்கிறான்.

பூட்ஸ் எங்கே என்று கத்தினேன்.

"டேப் நனையக்கூடாது" என்றான்.

இர்மெலி கொடுத்த டேப்கள் எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தான். வீடு எரிகிறது என்றதும் அதைத்தான் தூக்கியிருக்கிறான். பணப்பையை விட்டான், அப்பாவின் கடிகாரத்தை விட்டான், பூட்ஸை விட்டான். வீடு எப்படியோ தப்பியது. அவன் இடது கால் சுண்டுவிரல் தப்பவில்லை. உறைந்துபோய்க் கறுத்துவிட்டது, நகர ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

இர்மெலி ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். அவனுக்குக் கொண்டுபோன பன்னை அவளே பிய்த்துப் பிய்த்துத் தின்றாளாம். "ஏதோ சொல்ல வந்தாங்க. சொல்லாமப் போயிட்டாங்க" என்று என்சியோ என்னிடம் சொன்னான். அவன் குரலில் அப்படி ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. என்ன சொல்ல வந்திருப்பாள் என்று நானும் என் மனதுக்குள் நல்லவிதமாகவே நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகள் மறுபடி தொடங்கின. கொஞ்சம் நொண்டிக்கொண்டு வந்தான், அவ்வளவுதான்.

போன மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை, நூலகத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. கம்ப்யூட்டர் இருந்த அறை முழங்கால் அளவு தண்ணீர் என்று பால் லாரிக்காரர் படகில் ஏறும்போதே சொன்னார். செய்தி தீவுக்கு என்னை முந்திப் போய்விட்டது போல. அடுத்த தடவை நான் கரையிலிருந்து கிளம்பும்போது இர்மெலி ஓடிவந்து ஏறினாள். வெள்ளிக்கிழமை இல்லையே என்று கேட்டேன். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தீவுத் துறை நெருங்கியபோது என்சியோ மரப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவன் முகம் வெளிச்சமாக இருந்தது. இத்தனை வருஷம் காத்துவைத்ததற்கு இன்றைக்கு அர்த்தம் வந்துவிட்டது என்ற வெளிச்சம்.

படகு முனையிலுள்ள தடுப்புக் கம்பி மேலே எழுவதற்குள் அவள் அதற்கடியில் குனிந்து நுழைந்து அவனிடம் போனாள். நான் கீழே இறங்கிவிட்டேன். இந்த மாதிரி நேரத்தில் மேலே உட்கார்ந்திருக்க நான் என்ன மரக்கட்டையா?

"எல்லாம் இருக்கு. போன வாரம் வரைக்கும் இருக்கு" என்றான் என்சியோ.

"அதுல ஒண்ணும் இல்ல" என்றாள் அவள்.

அவன் புரியாமல் பெட்டியைப் பார்த்தான். இர்மெலி தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தாள். நூலகம் டேப்பை நிறுத்தி ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. எல்லாம் மாகாணத் தலைமை நூலகத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது, இந்தத் தண்ணீரால் ஒரு புத்தகத்தின் பெயர்கூடப் போகவில்லை. அவளுடைய டிரைவ் அதற்கும் முன்பே செத்துவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் கொடுத்தது வெறும் டேப். நிலையத்தின் டேப்பை வைக்க வேறு இடம் இல்லையே என்று வந்துகொண்டிருந்தாளாம்.

"வீட்ல தீப்பிடிச்சப்போ?" என்று கேட்டான்.

"அப்பவும்தான்."

என்சியோவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கத்தவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. தன்னுடையதை ஒவ்வொரு வாரமும் சரிபார்த்துத்தான் கொண்டுவந்தேன், ஒருதடவைகூட வெறுமனே கொடுக்கவில்லை என்றான். நிலையத்துக்கும் தேவையில்லாமல் போய்விட்டது என்பதைச் சொல்லவில்லை. சொல்வான் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பெட்டியை இடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டான், நொண்டி நொண்டி. இர்மெலி அறைக்குள் போய் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கரை வந்ததும் நான்தான் போய்த் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது, தூங்கவில்லை, ஆனாலும்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். கையில் எதுவும் இல்லை. பன் கூட இல்லை. துறையில் படகு நின்றது, கார்கள் ஏறின, அவன் வரவில்லை. மணி அடித்தேன். வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாக அடித்தேன். மேட்டில் யாரும் தெரியவில்லை. அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். தண்ணீரில் பனிக்கட்டிகள் உடைந்து ஒன்றையொன்று உரசிக்கொண்டு மிதந்தன, அந்தச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாள். அப்பாடி என்ன ஒரு மூடுபனி அன்றைக்கு. படகின் முன்பக்கமே தெரியவில்லை. துறையில் நின்றோம். அறைக்குள் அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கார்கள் ஏறிவிட்டன. நான் மணி அடிக்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ரேடியோவை எடுத்து, வடத்தை இழுக்கிற மோட்டாரில் கோளாறு, படகு இப்போதைக்கு நகராது என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். பிறகு என்சியோவுக்குப் போன் போட்டேன்.

எடுத்தான்.

எடுத்த எடுப்பில் திட்டினேன். அவள் செய்தது பொய் என்றால் நீ வாயை மூடிக்கொண்டிருந்தது என்ன, நிலையத்தில் டேப்பை நிறுத்தச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று, அவளிடம் சொன்னாயா என்று கேட்டேன். தன்னுடைய டேப்பில் எல்லாம் இருந்தது என்றான். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். தன்னுடையது உண்மை, அவளுடையது வெறும் நாடா.

பின்னால் காத்திருந்த பால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கொஞ்சம் பொறுங்க என்று ஜன்னல் வழியே கையைக் காட்டினேன்.

"என்சியோ, ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு வீடு எரியறப்போ நீ என்ன நூலகத்தையா தூக்கிட்டு ஓடின?"

அவன் மூச்சு விடுவது கேட்டது. எங்கோ கொதிகலனுக்குள் விறகு சரிந்தது கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டான்.

நான் காத்திருந்தேன். பனி கண்ணாடியில் வந்து ஒட்டி ஒட்டி வழிந்தது. லாரிக்காரர் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டு இருக்கையில் சாய்ந்து தூங்கிவிட்டார். காருக்குள் இருந்தவர்களும் விளக்கை அணைத்துவிட்டார்கள். ஊரே எங்களை மறந்துவிட்ட மாதிரி அந்த வெண்மைக்குள் ஒரு படகு நின்றது, அதற்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வராமல் போய்விடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. யாருடைய வாழ்க்கையோ, நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு தொப்பி தெரிந்தது. பிறகு கோட்டு.

சைக்கிளை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டுப் படகில் ஏறினான். நான் படியில் பாதி இறங்கி நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான், ஆனால் உட்காரவில்லை.

"ஒண்ணும் கொண்டு வரல" என்றான்.

"நானும்தான்."

தொப்பியைக் கழற்றினான். மறுபடி மாட்டிக்கொண்டான். நிலையத்துக்கும் டேப் வேண்டாம் என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள் என்பதை ஒருவழியாகச் சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை. சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் என்னவென்றும் கேட்கவில்லை.

"என் கால் விரல் போனது டேப்புக்காக இல்ல" என்றான் என்சியோ.

"தெரியும்" என்றாள் இர்மெலி. "ஆஸ்பத்திரியில அது தெரிஞ்சுது. அதனாலதான் என்னால சொல்ல முடியல."

அவன் உட்கார்ந்தான். வழக்கமாக இருவருக்கும் நடுவே பெஞ்சில் என் பிளாஸ்க் இருக்கும். அன்றைக்கு நான் அதை வைக்கவில்லை. அவள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள். டேப்பை வாங்குகிற அதே மாதிரி இரண்டு கையாலும் வாங்கி, அவன் அதைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

எனக்கு அதற்குமேல் அங்கே வேலை இல்லை. மேலே ஏறிப்போய் மோட்டார் சரியாகிவிட்டது என்று ரேடியோவில் சொன்னேன். எப்படிச் சரியாயிற்று என்று கேட்டார்கள். தானாகவே சரியாகிவிட்டது என்றேன். மணி அடித்தேன். இந்த மணிக்கு என்சியோ இறங்கிப் போவதுதான் வழக்கம் என்பதால், பழக்கதோஷத்தில் படியையே பார்த்தேன். அறைக் கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். தூங்கிக்கொண்டிருந்த லாரிக்காரர்தான் விழித்துக்கொண்டு என்னை முறைத்தார்.

தடுப்பை இறக்கினேன். பிடியைத் தள்ளினேன். வடம் சொட்டச் சொட்ட எழுந்து வந்தது. தீவு பின்னால் கரைந்து போயிற்று, சாய்ந்துகிடந்த சைக்கிளும் கரைந்து போயிற்று. பல்வலியோ ஆஸ்பத்திரியோ இல்லாமல் என்சியோ கரைக்கு வருவது அதுதான் முதல் தடவை.

கரையில் இருவரும் இறங்கி நடந்தார்கள். அவன் நொண்டலுக்கு அவள் நடை மெதுவாயிற்று. ஆறு மணிப் படகில் திரும்பிவிடு, இல்லாவிட்டால் எட்டரைக்குக் கடைசிப் படகு என்று முதுகுப்பக்கமிருந்து கத்திச் சொன்னேன். தெரியும் என்று கையைத் தூக்கிக் காட்டினான்.

கடைசிப் படகிலும் அவன் வரவில்லை.